நின்ற சத்தத்தைக் கூப்பிடுகிறவள்

சத்தம் நின்றதும் நாங்கள் எல்லாரும் மூச்சு விடுவோம். அவள் விடமாட்டாள். இப்போதுதான் பிடுங்கிய வயரை எடுத்துப் பழைய இடத்திலேயே செருகுவாள். ஸ்பீக்கர் மறுபடி உறுமும். பிடுங்குவாள், அமைதி. செருகுவாள், உறுமல். மூன்று தடவை. மூன்றாவது தடவை முடிந்த பிறகுதான் நெற்றியில் விழுந்த முடியை மணிக்கட்டால் ஒதுக்கிவிட்டு, "இதுதான்" என்பாள்.

"அதான் நின்னுருச்சுல்ல அக்கா, விடுங்களேன்" என்று யாராவது சொன்னால் கோபப்படமாட்டாள்.

"நின்னது பெருசில்லலா. எதனால நின்னுச்சு? அது தெரியலைன்னா நாம நிப்பாட்டலேன்னு அர்த்தம். அதுவா கொஞ்சம் ஒக்காந்திருக்கு, அவ்வளவுதான்."

ஈப்போ புந்தோங்கில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் வழி கிடைக்காது. சத்தக்கா என்று கேட்டால் கடலை வறுக்கிறவர் கரண்டியை நீட்டியே வீட்டைக் காட்டிவிடுவார். எழுபதுகளின் பிற்பாதி. எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கல்யாணம், கோயில் திருவிழா, தோட்டத்து விசேஷம் என்று வடக்கே பாரிட் புந்தார் வரை ஒரு வாடகை லோரியில் போய் வருவோம். நான் கிட்டார். அவள் தம்பி டிரம்ஸ். அவளுக்குக் குழுவில் ஒரு வேலையும் கிடையாது. பாடமாட்டாள். பாட்டு ஓடும்போது மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையில் கட்டின கோப்பியை உறிஞ்சிக்கொண்டிருப்பாள். பாட்டை அவள் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை. பாட்டுக்கு அடியில் இருப்பதைக் கேட்பாள்.

அவளைவிட நான் இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், எல்லாரும் கூப்பிட்டதால். அவள் என்னை அண்ணே என்பாள். அதைச் சரிசெய்ய நாங்கள் இருவருமே மெனக்கெடவில்லை.

பகலில் அவளுக்கு ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ரேடியோவுக்குள் போகும் சின்னப் பலகைகளில் ஈயம் வைக்கிற வேலை. விரல்நுனி அரிசி மணியை நிற்க வைக்கும். எங்கள் பிளக்குகள் எல்லாம் அவள் போட்டவை. வயரின் நுனியை முறுக்கி, ஈயத்தில் முக்கி, குட்டிக் கொக்கியாக மடித்து, ஆணிக்கு அடியில் மாட்டுவாள். சிவப்பு, கறுப்பு, பச்சை, மூன்றும் ஒரே அளவுக் கொக்கி. திறந்து பார்த்தால் மூன்று பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்ட மாதிரி இருக்கும்.

என் கிட்டாரிலிருந்து ஒரு வயர் தரையில் கிடக்கும், மிதித்தால் தொனி மாற்றும் பெடலுக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு பெடல். அங்கிருந்து நாடா சுற்றும் எக்கோ பெட்டி. அங்கிருந்து பழைய வால்வு ஆம்ப்ளிபயர். அதன் முதுகிலிருந்து ஒரு நீள வயர் மேடை ஓரத்து மிக்சருக்கு. ஒவ்வொரு மூட்டும் ஒரு வாசல். எந்த வாசல் வழியாகவும் எதுவும் உள்ளே வரலாம். வந்தது.

வந்தவைக்கெல்லாம் அவள் பெயர் வைத்திருந்தாள். முனகல், ரீங்காரம், பொரியல். பொரியல் என்றால் குவாலிச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கேட்கிறதே, அது. பெரும்பாலும் அழுக்குப் பிடித்த மூட்டு. ரீங்காரம் விளக்குகளிலிருந்து வரும். நான் இடம் மாறி நின்றாலே பாதி போய்விடும். முனகல்தான் கஷ்டம். "சத்தத்த வெரட்டக்கூடாது அண்ணே. பேரு கேட்டுட்டு அனுப்பி வைக்கணும்."

ஒரு கல்யாணத்தில் என் கிட்டார் சீனத்தில் பேசியது. சத்தியமாக. தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை எழுந்து நிற்கிற நேரம், ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஆள் தெளிவாக கன்டனீஸில் டாக்சிக்கு விலாசம் சொன்னான். மண்டபம் சிரித்தது. அவள் பின்னாலிருந்து வந்து, இரண்டு பெடலுக்கும் நடுவிலிருந்த வயரை வளைத்தாள். ஆள் காணாமல் போனான். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் வயரை நிமிர்த்தினாள். டாக்சிக்காரன் மீண்டும் வந்தான்.

"அக்கா, போதும்லா!" என்று டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து தம்பி கத்தினான்.

"இருடா, இன்னொரு வாட்டி" என்றாள். பெண்ணின் அப்பா என்னைத்தான் முறைத்தார்.

குற்றம் செய்த சாமானை அவள் தூக்கிப் போடமாட்டாள். சிவப்பு டேப்பை ஒரு சுற்று சுற்றிப் பால்மாவு டின்னில் போட்டு மூடிவிடுவாள். அந்த டின் நிறைய சிவப்பு வளையம் போட்ட வயர்கள், ஜாக்குகள். எது என்ன செய்தது என்று ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்வாள்.

பாரிட் புந்தாரில் ஒரு தடவை, முனகல் வந்து வந்து போனது. பெடல்களைக் கழற்றினாள், எக்கோ பெட்டியைக் கழற்றினாள், போகவில்லை. எழுந்து, பந்தலுக்கு வெளியே போய், வயல் பக்கம் காதைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். நானும் கூடப் போனேன். இரண்டு வீடு தள்ளி ஒரு நெல் ஆலை. வாசலில் பனியனோடு உட்கார்ந்திருந்த சீன முதலாளி, தவுக்கேயிடம் மலாயில் கேட்டாள், மோட்டாரை ஒரு நிமிஷம் நிறுத்த முடியுமா என்று. கல்யாண வீடென்று அவரும் நிறுத்தினார். பந்தலிலிருந்து தம்பி, "போயிருச்சு!" என்று கத்தினான்.

"இப்ப ஓட விடுங்க தவுக்கே."

அவர் முழித்தார். ஓட விட்டார். "வந்துருச்சு!" என்று தம்பி. "இப்ப நிறுத்துங்க." மூன்றாவது தடவை தவுக்கே சுவிட்சில் கையை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "கிலா கா?" என்றார். பைத்தியமா என்று கேட்கிறார். நான் மையமாகத் தலையை ஆட்டினேன். அவள் அவருக்கு வணக்கம் வைத்தாள். அதற்குமேல் ஆலையை நிறுத்திவைக்கச் சொல்லவேயில்லை. எங்கள் பிளக்கைக் கல்யாண வீட்டின் அடுத்த பக்கத்துக்கு மாற்றினாள்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையைத் தம்பி சொல்லித்தான் கேட்டேன். தெலுக் இந்தானிலிருந்து மாப்பிள்ளை. நல்ல வேலை. மாப்பிள்ளையின் அம்மா, "எங்க புள்ளைக்கி கோவமே வராது" என்றாளாம். இவள் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுவதுபோல் மாப்பிள்ளை மடியில் கொஞ்சம் சிந்தினாளாம். சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. அதற்கும் சிரித்தார். மூன்றாவதற்கு எழுந்து போய்விட்டார்கள். "ஏன்டி இப்படிப் பண்ணுனே?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டதற்கு, "வரவழைச்சுப் பாக்காம எப்படிம்மா தெரியும்?" என்றாளாம். நாங்கள் லோரியில் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளிடம் விளையாட முடியாது. பச்சை வயர்.

ஆம்ப்ளிபயருக்கு ஒரு பச்சை வயர், மிக்சருக்கு ஒரு பச்சை வயர். இரண்டும் தனித்தனியாக மண்ணுக்குப் போகிறவை. நடுவில் நீள வயர் இரண்டையும் சேர்த்துவிட்டால் ஒரு வளையம் உண்டாகும், வளையம் முனகும். அதை நிறுத்த ஒரு குறுக்கு வழி உண்டு. ஆம்ப்ளிபயரின் பிளக்கைத் திறந்து பச்சையைக் கழற்றிவிட்டால் போதும், ஸ்விட்ச் போட்ட மாதிரி நின்றுவிடும். பல குழுக்கள் செய்துகொண்டிருந்தன. சித்தியவானில் ஒரு கிட்டார்காரன் எனக்கே செய்து காட்டினான். அதை அவளிடம் சொன்ன அன்று, கையிலிருந்த கோப்பிப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பச்ச சத்தத்துக்கு இல்ல அண்ணே. உசுருக்கு. இந்தப் பழைய ஆம்ப்ளிபயர் ஒடம்புல கரண்டு கசியும். பச்ச இருக்கற வரைக்கும் அது மண்ணுக்குப் போகும். இல்லேன்னா, யாரு தொடறாங்களோ அவங்க வழியா போகும். அதுல மட்டும் யாரும் கை வைக்காதீங்க."

தலையாட்டினேன்.

கோலா கங்சாருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். தீமிதித் திருவிழா. முந்தின வருஷம் வந்த குழுவைச் சத்தம் சரியில்லையென்று பாதியில் இறக்கிவிட்டார்களாம். லோரியிலிருந்து சாமான் இறக்கும்போதே கோயில் தலைவர் வந்து நின்றார். "தம்பி, பாட்டு கேக்கணும். பாட்டு மட்டுந்தான் கேக்கணும். ஙொய்ங்னு கேட்டுச்சு, அதே லோரில ஏத்தி அனுப்பிருவேன்."

ஙொய்ங் என்றுதான் கேட்டது. மேடைக்குக் கரண்டு கோயிலிலிருந்து, மிக்சருக்கோ, எதிரே தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலிருந்து. மழை பெய்து ஓய்ந்த தரை. அவள் வந்து ஒரு நிமிஷம் கேட்டாள்.

"ரெண்டு பக்கம் ரெண்டு மண்ணு. நீள வயரோட ஒரு நுனிய வேற மாதிரி கட்டணும். அரை மணி நேரம் குடுங்க. மொதல்ல கொட்டகைல பிளக் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாரேன்."

போனாள். ஆளுக்கொரு பாயோடு சனங்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். தலைவர் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என்னா, கிட்டார் தம்பி? ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதா, பொம்பளப் புள்ள வந்துதான் செய்யணுமா?"

நான் ஸ்குரு டிரைவரை எடுத்தேன்.

பிளக்கைத் திறந்தேன். அவள் மடித்த பச்சைக் கொக்கியை நெம்பினேன். ஈயம் வைத்த நுனி முறிந்து மேடைக்குக் கீழே புல்லில் விழுந்தது. பச்சையை ஓரமாகத் தள்ளி மூடினேன், செருகினேன். அமைதி. அப்படியோர் அமைதியை நான் அதற்குமுன் உண்டாக்கியதில்லை. தலைவர் என் முதுகில் தட்டினார். நான் ஒரு சின்ன வாசிப்பு வாசித்தேன், சுத்தமாகக் கேட்டது. பாயில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

செருப்பில் சேற்றோடு அவள் திரும்பி வந்தாள். படியிலேயே நின்றுவிட்டாள்.

"எப்படி நின்னுச்சு?"

"தானா நின்னுருச்சு அக்கா."

"தானா எதுவும் நிக்காது அண்ணே."

"அட, நின்ன சத்தத்த ஏம்மா கூப்புடுற?" என்றார் தலைவர். "மணி அஞ்சாகப் போகுது. விடும்மா."

"ரெண்டே நிமிஷம் ஐயா" என்று சொல்லிக்கொண்டே மண்டியிட்டாள். வழக்கம்போல் ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். முதலில் எது என்று எனக்குத் தெரியும்: நீள வயர். ஆம்ப்ளிபயருக்கு மண்ணோடு மிச்சமிருந்த ஒரே தொடர்பு அதுதான் என்பதும், அவள் சொல்லிக்கொடுத்த கணக்கில், எனக்குத் தெரியும். கழற்றினாள். என் கிட்டாரை வாங்கி இடது கையால் தந்திகளைப் பிடித்தாள். மிக்சரிடம் நின்ற தம்பியிடம் சொல்ல, மிக்சரில் மாட்டியிருந்த மைக்கை வலது கையால் எடுத்தாள்.

"தம்பி, இப்ப" என்றாள். அந்த 'இப்ப' தோட்டம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அவளால் எதையும் விட முடியவில்லை.

எந்தப் பிளக்கைப் பிடுங்க வேண்டுமென்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான். அது என் காலடியில் இருந்தது. நான் நின்றேன். தம்பிதான் மிக்சரைத் தள்ளிவிட்டு ஓடிவந்து, எதுவென்று தெரியாமல், எல்லாவற்றையும் பிடுங்கினான். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாயில் ஒரு குழந்தை கடலை தின்றுகொண்டிருந்தது. அது நினைவிருக்கிறது.

தோட்டத்து லேண்ட்ரோவரில் அவளைக் கோலா கங்சார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்பியும் போனான். பேசிக்கொண்டே போனாள் என்றார்கள். கூட்டம் வண்டிப் பக்கம் போனபோது நான் குனிந்து, பிளக்கைத் திறந்து, பச்சையின் உறையைப் பல்லால் கடித்து உரித்து, வெறும் இழைகளை முறுக்கி, ஆணியில் சுற்றி மூடினேன். இனி யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று செய்ததாக அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முனகல் திரும்பி வந்தது. சாமி காரியம் நிற்கக்கூடாது என்றார் தலைவர். தவில்காரர் ஒருவர் டிரம்ஸில் உட்கார்ந்தார். முனகலோடு எல்லாப் பாட்டையும் வாசித்தோம். ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீ மிதித்தார்கள். மாலை போட்டார்கள். நான் வாசித்தேன்.

உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கையின் கடைசி இரண்டு விரலும் உள்ளங்கை ஓரமும் மரத்துப்போயின. "சூடு தெரியலலா" என்றாள், தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக் காட்டி, ஏதோ புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவள் மாதிரி. தொழிற்சாலையில் ஈயம் வைக்கிற இடத்திலிருந்து மாற்றி, அட்டைப் பெட்டி ஒட்டுகிற பக்கம் போட்டார்கள். ஆம்ப்ளிபயர் பழசு, மழை, தோட்டத்துக் கரண்டு என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அதே வரிசையில் பேசினேன்.

குழு கொஞ்ச நாளில் கரைந்துபோனது. சாமான்கள் அவளும் தம்பியும் இருந்த வீட்டு ஹாலில் துணி போர்த்திக் கிடந்தன. எனக்கு இன்சூரன்ஸ் வேலை. அந்தத் தெரு வழியாகப் போகாமல் இருக்க முடியாது. போகும்போதெல்லாம் வாசலில் நிற்பாள். குசலம் விசாரிப்பாள். பிறகு கேட்பாள்.

"அண்ணே, அன்னைக்கி நான் வாரதுக்கு முன்ன சத்தம் நின்னுச்சே, எப்படி?"

"தெரியலையே அக்கா."

"சரி. யோசிச்சுப் பாருங்க."

குரலில் எதுவும் இருக்காது. தீபாவளிக்குக் கேட்டாள். என் கல்யாணத்தில், பரிசு உறையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள். என் மகளுக்கு மொட்டை போட்ட அன்று கேட்டாள். அவள் கேட்கத் தொடங்கும்போது என் வாய் 'தெரியலையே'வைத் தயாராக வைத்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்ததா? இருந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தால் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் ஊசி குத்தினாலும் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் தம்பிக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. சாமான்களை விற்கப்போவதாகச் சொன்னான். "அக்கா ஒன்ன ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போகச் சொன்னுச்சு மச்சான். விக்கிறதுக்கு முந்தி ஒருவாட்டி எல்லாத்தையும் போட்டுப் பாக்கணுமாம்."

மதியம் மூன்று மணிக்குப் போனேன். தெருவெல்லாம் கடலை வறுக்கிற வாசம். ஹாலில் எல்லாம் துடைத்து வைக்கப்பட்டிருந்தன: கிட்டார், இரண்டு பெடல், எக்கோ பெட்டி, ஆம்ப்ளிபயர், நீள வயர், மிக்சர். மிக்சருக்குச் சமையலறையிலிருந்து கரண்டு இழுத்திருந்தாள். தம்பி வெளியே போயிருந்தான். அனுப்பியிருப்பாள்.

"உக்காருங்க அண்ணே." ஆம்ப்ளிபயர் சுவிட்சைத் தட்டிவிட்டாள். முனகியது. அதே முனகல்.

ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினாள். பெடல் இல்லாமல் முனகியது. எக்கோ பெட்டி இல்லாமல் முனகியது. நீள வயரைப் பிடுங்கினாள், நின்றது. செருகினாள், முனகியது. "ஆனா அன்னைக்கி இந்த வயரு மாட்டியிருந்திச்சு. மாட்டியிருந்தும் நின்னுச்சு. இல்லியா?"



ஆம்ப்ளிபயரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து, இடது கையால் திருகி மூடியைத் திறந்தாள். வலது கை சும்மா துணைக்கு இருந்தது. உள்ளே சிவப்பு, ஈயம் வைத்த கொக்கி. கறுப்பு, ஈயம் வைத்த கொக்கி. பச்சை, விளக்குத் திரி மாதிரி முறுக்கின வெறும் இழைகள். ஓர் இழை தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என் கை இல்ல அண்ணே."

"எப்பத் தெறந்து பாத்தீங்க?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறு வாரம்."

"அப்ப ஏன் அக்கா இத்தன வருஷமா..."

"தெரிஞ்சுக்கிறது வேற. வரவழைச்சுப் பாக்குறது வேற." ஸ்குரு டிரைவரை என் பக்கம் நீட்டினாள். "எல்லாத்தையும் ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாத்துட்டேன். மிச்சம் நீங்கதான். அன்னைக்கிச் செஞ்சத இப்பச் செய்ங்க. பயப்படாதீங்க, யாரும் எதையும் தொடமாட்டோம்."

வாங்கினேன். பச்சையைக் கழற்றி ஓரமாகத் தள்ளினேன். மூடினேன். செருகி, சுவிட்சைத் தட்டினேன்.

அமைதி. தெருவில் கடலைக் கரண்டி குவாலியில் உரசுவது கேட்டது.

"திருப்பி மாட்டுங்க."

மாட்டினேன். முனகல்.

"கழட்டுங்க."

கழற்றினேன். அமைதி.

"மாட்டுங்க."

மூன்று தடவை. மூன்றாவது தடவை ஆணியை நன்றாகவே திருகினேன். நிமிர்ந்தபோது அவள் நெற்றி முடியை மணிக்கட்டால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். 'இதுதான்' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

பால்மாவு டின்னைத் திறந்து சிவப்பு டேப்பை எடுத்தாள். நுனியைக் கொஞ்சம் பிரித்தாள். அதைப் பிடித்துக்கொண்டே பிளக்கைப் பார்த்தாள், நீள வயரைப் பார்த்தாள், ஆம்ப்ளிபயரைப் பார்த்தாள்.

"பிளக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "வயரும் நல்லாத்தான் இருக்கு."

பிரித்த நுனியைப் பழையபடி ஒட்டி, மரத்த இரண்டு விரலால் அழுத்திவிட்டு, டேப்பை டின்னுக்குள் போட்டு மூடினாள். தேத்தண்ணி போட உள்ளே போனாள். ஆம்ப்ளிபயர் முனகிக்கொண்டே இருந்தது. என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் சுவிட்ச். நான் அணைக்கவில்லை.